பழைய வில்தகடும் அரமும் கத்தியாகும் விதம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துள்ள சாலைக் கம்போளம், திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த கடைவீதியாகும். ஆ. மாதவனின் சிறுகதைகள் வாயிலாகத் தமிழ் வாசகர்களும் அவ்வீதியை நன்கறிவர். இளநீர் சீவவும் மட்டை தறிக்கவும் விறகு பிளக்கவும் அவ்வூர் வீடுகளில் இன்றியமையாத கருவி வெட்டுகத்தி. அதனை அடிப்பதற்குக் கொல்லர்கள் விரும்பி எடுப்பது புது இரும்பையன்று. லாரியிலிருந்து கழிக்கப்பட்ட வில்தகட்டையே எடுக்கின்றனர்.

இவ்விருப்பத்திற்குக் காரணம் உண்டு. கட்டடக் கம்பியில் கார்பன் மிகக் குறைவு. அதனை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் நல்ல கூர் நிற்காது. வில்தகட்டிலோ நூற்றுக்கு 0.5 முதல் 0.6 பங்கு வரை கார்பன் உள்ளது. பழைய அரத்தில் அது 1.2 பங்கை எட்டும். வெட்டுகத்திக்கு வில்தகடும், சிறு கத்திக்கு அரமும் ஏற்றவை.

ஆயினும் கழித்த பொருளில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. பல்லாண்டுகள் வளைந்து நிமிர்ந்த வில்தகட்டில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் தோன்றியிருக்கலாம். அத்தகைய தகட்டில் செய்த கத்தி, ஓங்கி வெட்டும்போது முறிந்து, துண்டு தெறித்து விழும். இதனைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தகட்டைத் துருப்போகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்து, மேலே சுண்ணக்கட்டித் தூளைப் பூச வேண்டும். வெடிப்பினுள் புகுந்த எண்ணெய் கசிந்து வெண்பூச்சில் கோடாகத் தெரியும். கோடு தெரிந்த தகடு கத்திக்கு ஆகாது.

உருவம் அடித்து முடிந்தபின் வருவதே முக்கியமான வேலை. எஃகைக் காய்ச்சும்போது சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் அது காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே, செந்நிறம் அலகு முழுவதும் சீராகப் பரவியதும், எண்ணெயில் தோய்க்க வேண்டும். கொல்லர் இதனைத் துவைச்சல் என்பர். உச்சி வெயிலில் செந்தணல் நிறமும் மங்கித் தோன்றி ஏமாற்றும். உலைக்கூடம் இருண்டிருப்பது அதனால் நன்மையே. அளவுக்கு மீறிக் காய்ச்சினால் எஃகின் மணிகள் பருத்து, அலகு நொறுங்கும் தன்மை பெறும்.

விரைந்து குளிரும்போது, வெளியேற வழியின்றிச் சிறைப்பட்ட கார்பன் அணுக்கள் இரும்பின் அணுவமைப்பையே இழுத்துத் திரிக்கின்றன. அவ்வாறு பிறக்கும் கடினமான அமைப்புக்கு, ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயர். தண்ணீர் மிக வேகமாகக் குளிர்விப்பதால் மெல்லிய அலகு கோணவோ கீறவோ கூடும். எண்ணெயைச் சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கிக் கொண்டால் அது இளகி எளிதில் பாய்ந்து, வெப்பத்தை நன்கு வாங்கும். தேங்காயெண்ணெயும் உதவும், ஆனால் பலமுறை சூடேறினால் தடித்துக் கெடும்.

தோய்த்தெடுத்த அலகைக் கண்டு மகிழ்ந்து அத்துடன் நிறுத்திவிடுவோர் உண்டு. அது கண்ணாடியைப் போன்றது. கல்தரையில் விழுந்தாலே உடையலாம். கடினத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தே உறுதியைப் பெற முடியும். அலகைத் துலக்கி மெல்லச் சூடேற்றினால் 220 டிகிரியளவில் வைக்கோல் நிறமும், 250-இல் பழுப்பும், 275-இல் ஊதாவும், 300-இல் நீலமும் தோன்றும். இவை சாயங்களல்ல, மேற்பரப்பில் படியும் ஆக்சைடு ஏட்டின் கனத்திற்கேற்ப ஒளி காட்டும் வேடிக்கை. சிறு கத்தியின் கூருக்கு வைக்கோல் நிறம் தகும். அதிர்ச்சி தாங்க வேண்டிய வெட்டுகத்தியின் முதுகு நீலம் வரை செல்லலாம்.

தேர்ந்த கொல்லர் இரு வேலைகளையும் ஒரே காய்ச்சலில் முடித்துவிடுவார். கூர்ப்பகுதியை மட்டும் தோய்த்தெடுத்து, கல்லில் விரைவாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகில் எஞ்சிய சூடு கூரை நோக்கி நிறநிறமாக ஓடிவருவதைப் பார்த்திருந்து, வேண்டிய நிறம் வந்த கணத்தில் மீண்டும் தோய்ப்பார். வெப்பமானியற்ற காலத்தில் தோன்றிய இம்முறையில் விஞ்ஞானம் திருத்த வேண்டியது அதிகமில்லை. லண்டனில் கத்தி வணிகம் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃகை ஆராயப் புகுந்ததற்குத் தூண்டுகோலாயிருந்ததும் இந்தியாவின் ஊட்ஸ் எஃகே.

உலையில்லாதவர் அரத்தைக் கத்தியாக்க விரும்பினால், அதனை அடுப்புப் பெட்டியில் 200 டிகிரியில் ஒரு மணி நேரமாக இருமுறை வைத்துப் பதந்தணித்தபின் சாணை பிடிக்கலாம். அரத்தின் பற்களை முற்றிலும் நீக்குவது நலம். ஒவ்வொரு பல்லின் அடியும் வெடிப்பு தொடங்கும் இடமாகும். சாணையில் அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். கூர் நீலமாகிவிட்டால் அவ்விடம் பதமிழந்தது. துத்தநாகம் பூசிய இரும்பை உலையிலிடலாகாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். விசைவாள் அலகுகள் பெரும்பாலும் அதிவேக எஃகாலானவை. சாதாரண உலை அவற்றுக்குப் போதாது.

முடிந்த கத்தியின் கூரைப் பித்தளைக் கம்பியின் மீது சாய்த்து மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கூர் சற்றே வளைந்து, எடுத்ததும் நிமிர்ந்தால் பதம் சரி. பொடிந்தால் இன்னும் சிறிது சூட்டில் பதந்தணிக்க வேண்டும். வளைந்தபடியே நின்றுவிட்டால் மீண்டும் உலைக்குத்தான் போக வேண்டும்.