தொடர் ஒருங்கிணைப்பும் நிலைப் பகுப்பாய்வும்: மென்பொருள் எச்சரிக்கைகளைப் பேணும் முறை

முன்னுரை

ஒரு மென்பொருளைப் பலர் கூடி எழுதும்போது, ஒருவர் எழுதிய நிரல் பிறர் நிரலோடு இணைந்து செயல்படுகிறதா என்பதை அடிக்கடி சோதித்தல் இன்றியமையாதது. நிரலில் மாற்றம் சேரும் ஒவ்வொரு முறையும் கணினியே மென்பொருளைக் கட்டமைத்துச் சோதனைகளை இயக்குவது ‘தொடர் ஒருங்கிணைப்பு’ எனப்படும். நிரலை இயக்காமலேயே அதன் மூலவடிவத்தை ஆராய்ந்து பிழைகளைக் கண்டறிவது ‘நிலைப் பகுப்பாய்வு’ ஆகும். இக்கருவிகளை நிறுவுவதால் மட்டும் மென்பொருளின் தரம் உயர்ந்துவிடுவதில்லை. அவை எழுப்பும் எச்சரிக்கைகளைப் பேணும் முறையே பயனை உறுதிசெய்கிறது என்பதை இக்கட்டுரை சான்றுகளின் வழி விளக்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

சி மொழி நிரல்களில் ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டும் ‘லின்ட்’ என்னும் கருவியைப் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துணுக்கைக் குறிக்கும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. 1990களின் இறுதியில் கென்ட் பெக் முன்வைத்த ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறை, தொடர் ஒருங்கிணைப்பை அன்றாட வழக்கமாக வலியுறுத்தியது. 2001இல் வெளிவந்த ‘குரூஸ் கன்ட்ரோல்’, 2011இல் இப்பெயர் பெற்ற ‘ஜென்கின்ஸ்’ ஆகிய கருவிகள் அதனைப் பரவலாக்கின.

எழாத எச்சரிக்கை

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் இயங்குதளங்களில் இருந்த கடும் பாதுகாப்புப் பிழையொன்றைத் திருத்தியது. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் நிரலில் ‘கோட்டூ ஃபெயில்’ என்னும் வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எந்நிலையிலும் இயங்கியது. அதனால் சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிப் படி தாண்டப்பட்டது. இடையில் புகும் ஒருவர் உண்மையான சேவையகம்போல நடிக்க இது வழிவிட்டது. ஒருபோதும் இயங்காத வரிகளைச் சுட்டும் வசதி ‘கிளாங்’ நிரல்பெயர்ப்பியில் அப்போதே இருந்தது. எனினும், ‘அனைத்தும்’ எனப் பொருள்படும் பொதுவான எச்சரிக்கைத் தொகுதியில் அது அடங்கவில்லை. தனியே இயக்கினால்தான் செயல்படும். எனவே, கட்டமைப்பு எச்சரிக்கையின்றி முடிந்தது என்பதைக் கொண்டு நிரல் பிழையற்றது என முடிவுசெய்தல் பொருந்தாது. எந்தச் சோதனைகள் இயங்கின என்பதும் அறியப்பட வேண்டும்.

புரியாமல் அடக்கப்பட்ட எச்சரிக்கை

டெபியன் இயங்குதளத்தில் 2006இல் நிகழ்ந்தது இதற்கு மறுதலையானது. ‘வால்கிரைண்ட்’ என்னும் கருவி, தொடக்க மதிப்பு அளிக்கப்படாத நினைவகத்தை ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ நிரல் பயன்படுத்துவதாக எச்சரித்தது. இது நிரலை இயக்கிப் பார்க்கும் கருவியாயினும், எச்சரிக்கையைக் கையாளும் சிக்கல் இரு வகைக்கும் பொதுவானதே. எச்சரிக்கையை நீக்கும் நோக்கில் ஒரேபோன்ற இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றே, ஊகிக்க இயலாத எண்களை உருவாக்கத் தேவையான மூலத்தரவைச் சேர்த்துவந்தது. அது நீங்கியபின், இயங்கும் செயல்முறைக்குரிய எண் ஒன்றே வேறுபாட்டிற்கு எஞ்சியது. அதன் வழக்கமான உச்ச வரம்பு 32,768 மட்டுமே. மறையாக்கத் திறவுகோல்களை எளிதில் ஊகிக்கும் நிலை உருவாகி, 2008 மே மாதம் வெளியுலகுக்குத் தெரியவரும்வரை நீடித்தது. எச்சரிக்கை மறைந்தது, உண்மையான பாதுகாப்பும் அதனோடு மறைந்தது.

மிகுதியும் காலத்தாழ்வும்

எச்சரிக்கைகள் அளவுக்கு மிஞ்சினாலும் பயன் குன்றும். ‘கவரிட்டி’ பகுப்பாய்வுக் கருவியை உருவாக்கியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், பொய் எச்சரிக்கைகள் 30 விழுக்காட்டைக் கடந்தால் பயனாளர்கள் கருவியையே புறக்கணிக்கத் தொடங்குவதாகக் குறிப்பிட்டனர். எச்சரிக்கை சென்றடையும் காலமும் முதன்மையானது. ஃபேஸ்புக் நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் எழுதிய கட்டுரை இதனை நிறுவுகிறது. ‘இன்ஃபர்’ கருவி இரவில் மொத்தமாக ஆராய்ந்து அளித்த பட்டியலில் ஏறத்தாழ எதுவும் திருத்தப்படவில்லை. அதே கருவியின் முடிவுகள், மாற்றம் மதிப்பாய்வுக்கு வரும் வேளையிலேயே அளிக்கப்பட்டபோது 70 விழுக்காட்டிற்கும் மேல் திருத்தப்பட்டன. கருவி மாறவில்லை, அது பேசிய நேரமே மாறியது. நிரலின் நுணுக்கங்கள் எழுதியவர் நினைவில் நிற்கும்போதே திருத்தம் எளிதாகிறது என்பது இதன் காரணமாகும்.

பேணும் நெறிகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. பழைய திட்டத்தில் பகுப்பாய்வைப் புதிதாகத் தொடங்கும்போது, முன்னரே உள்ள எச்சரிக்கைகளைத் தனியே பதிவுசெய்து, புதிதாக எழுபவற்றை மட்டும் தடுத்தல் வேண்டும். பழையவற்றைப் படிப்படியாகக் குறைக்கலாம். எச்சரிக்கையை அடக்கும் ஒவ்வோர் இடத்திலும் அதன் காரணம் எழுதப்பட்டு, நிரலை நன்கறிந்த பிறிதொருவரால் மதிப்பாய்வு செய்யப்பட வேண்டும். பகுப்பாய்வுக் கருவியின் பதிப்பை நிலையாக வைத்து, அதனைப் புதுப்பித்தலைத் தனி மாற்றமாகவே மேற்கொள்ள வேண்டும். இல்லையெனில், புதிய எச்சரிக்கை நிரலால் எழுந்ததா, கருவியால் எழுந்ததா என்பது தெளிவாகாது. கட்டமைப்பு விரைந்து முடிதலும் தேவை. பெக் இதற்குப் பத்து நிமிட அளவை முன்வைத்தார். நெடுநேரம் எடுக்கும் ஆழ்ந்த பகுப்பாய்வுகளைத் தனியே இயக்கி, அவற்றின் முடிவுகளுக்கு உரிய பொறுப்பாளரைக் குறித்தல் நன்று.

முடிவுரை

தொடர் ஒருங்கிணைப்பும் நிலைப் பகுப்பாய்வும் ஒருமுறை நிறுவி விட்டுவிடத்தக்கவை அல்ல. நிரலைப் போலவே அவையும் தொடர்ந்து பேணப்பட வேண்டியவை. எச்சரிக்கை இன்மை, பிழை இன்மைக்குச் சான்றாகாது. ஓர் எச்சரிக்கை எழுந்தால் அதனை நிறுத்துவது எவ்வாறு என்பதற்கு முன், அது ஏன் எழுந்தது என வினவுதலே இக்கருவிகளின் பயனைக் காக்கும் வழியாகும்.