பழைய இல்லத்தில் சில நாட்கள்

கொழும்பு மாநகருக்குக் குடும்பத்துடன் விடுமுறைக்கு வருவோர் முன் எழும் முதற் கேள்வி, எங்கே தங்குவது என்பதே. உறவினர் வீட்டில் தங்கலாம். ஆயினும் எட்டுப் பேரை இரு வாரம் தாங்கும் வீடு இன்றைய நகரத்தில் அரிது. விடுதியில் தங்கலாம், அங்கே பாட்டனார் ஓர் அறையிலும் பேரப்பிள்ளைகள் மற்றோர் அறையிலுமாகக் குடும்பம் பிரிந்து கிடக்கும். மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. பழுது நீக்கிப் புதுக்கப்பெற்ற பழைய நகர இல்லமொன்றை முழுமையாக வாடகைக்கு எடுத்துச் சில நாட்கள் குடியிருத்தலே அது. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தம் பிள்ளைகளுக்குப் பிறந்த மண்ணைக் காட்ட வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வழி மிகவும் பொருந்தும். அதன் இயல்பு யாது, நோக்க வேண்டியவை எவை, அதனால் நகரத்துக்கு விளையும் நன்மை என்ன என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நகர இல்லம் என்பது தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் மாளிகையன்று. வீதியை ஒட்டி, அயல் வீட்டுச் சுவரோடு சுவர் சேர நிற்பது அது. முகப்பு குறுகியது, உட்புறம் நீண்டது. முன்னே விறாந்தை, அடுத்துக் கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னே குசினி என்பது அதன் பொது அமைப்பு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இம்முற்றம் புதியதன்று. வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, வீதிப்புறத்துக் குளிர்ந்த காற்று அறைகளினூடே உள்ளே வருகிறது. மின்விசிறி தோன்றுமுன்னரே வீட்டைக் குளிர்வித்த முறை இதுவே.

இவ்வீடுகளின் வரலாற்றை நம் நாவிலுள்ள சொற்களே கூறும். யன்னல், மேசை, அலுமாரி, விறாந்தை, சாவி, குசினி என்பன போர்த்துக்கேயர் வழி வந்தவை. கந்தோர் என்பது ஒல்லாந்தர் தந்தது. ஒல்லாந்தர் கால நகர இல்லம் எவ்வாறிருந்தது என்பதற்குப் புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியிலுள்ள கட்டடம் சான்று. தேசாதிபதி தோமஸ் வான் றீ 1692 முதல் 1697 வரையான தம் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த இல்லம் அது. பின்னர் மருத்துவமனையாகவும் தபாற் கந்தோராகவும் பயன்பட்டு, திருத்தப்பெற்று, 1982இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. உயர்ந்த தூண்களும் உள்முற்றத்துத் தோட்டமும் கொண்ட அமைப்பு, அக்காலத்தார் இந்நாட்டு வெயிலையும் மழையையும் நன்கு உணர்ந்து கட்டினர் என்பதைக் காட்டும்.

புறக்கோட்டைக்கு வடக்கே கொட்டாஞ்சேனை. 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம், புனித லூசியாள் பேராலயம், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் ஆகியன இப்பகுதியின் பழஞ்சிறப்பைக் கூறுவன. ஒரு காலத்தில் செல்வர்கள் விரும்பி வாழ்ந்த புறநகர் இது. 1875இல் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகம் பெருகப் பெருக, வண்டிகளும் பண்டசாலைகளும் பெருகின. செல்வர்கள் தெற்கே கறுவாத்தோட்டத்தை நாடினர். அவர் விட்டுச் சென்ற வீடுகள் பலவற்றில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக மக்கள் குடியேறினர். பின்னர் வந்த 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது, அது நன்மையே. ஆயினும் கட்டுப்படுத்திய வாடகையைக் கொண்டு கூரையைத் திருத்த வீட்டுக்காரர் முன்வரவில்லை. ஓடு நழுவியது, வளை உளுத்தது, ஈற்றில் சுவர் சரிந்தது.

வெள்ளவத்தையின் கதை வேறு. 1870களில் கடற்கரை இருப்புப்பாதை அமைந்தபின் வளர்ந்த பகுதி அது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில், யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தோர் வீடு கட்டி வாழ்ந்தனர். 1983 ஜூலையில் அவ்வீடுகளிற் பல எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டை விற்றுக் கடல் கடந்தோர் பலர். பழைய வீடுகள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆதலின் வெள்ளவத்தையில் விடுமுறை வீடு தேடுவோர்க்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது அடுக்குமாடி வீடே. பழைய இல்லம் வேண்டுவோர் சற்று வடக்கே நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்கின், கொள்ளுப்பிட்டி 33ஆம் ஒழுங்கையில் உள்ள 11ஆம் இலக்க இல்லம் நல்லதோர் எடுத்துக்காட்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1958இல் அங்கு வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றில் குடிபுகுந்தார். ஏனையவை ஒவ்வொன்றாகக் கைக்கு வர, ஏறத்தாழ பத்தாண்டுகளில் நான்கையும் இணைத்து ஒரே இல்லமாக்கினார். நீண்ட நடைகூடமும், இடையிடையே ஒளி சொரியும் சிறு முற்றங்களுமாக அது அமைந்தது. இடிந்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்களும் அங்கு மறுவாழ்வு பெற்றன. 2003இல் பாவா மறைந்தபின் அவர் பெயரிலான அறக்கட்டளை அதனைப் பேணி வருகிறது. முன்னறிவித்தலின் பேரில் பார்வையாளரை அனுமதிப்பதோடு, தங்குவோர்க்கும் இடமளிக்கிறது. பழையதை இடியாமலே புதிய வாழ்வுக்கு ஏற்றதாக்கலாம் என்பதே அவ்வில்லம் புகட்டும் பாடம்.

இனி, நேயர்களே, இத்தகைய வீட்டை வாடகைக்கு எடுக்குமுன் நோக்க வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது சுவர். கொழும்பின் பழைய சுவர்கள் பெரும்பாலும் செம்பூரான் கல்லாற் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதனை உள்ளே சிறைப்படுத்தும். புதுக்கியவர் பழஞ்சுவரின் மேற் சீமெந்து பூசியிருந்தால், அடிச்சுவரில் வண்ணம் கொப்பளித்து வெள்ளுப்புப் பூத்திருக்கும். அந்த அறையில் ஈர வாடை வீசும். இழைப்பு நோயுள்ளவர்க்கும் குழந்தைகளுக்கும் அது ஆகாது. படத்தில் அழகாகத் தோன்றுவது நேரிற் பார்க்கும்போது வேறாக இருத்தல் கூடும். ஆதலின் கொழும்பிலுள்ள உறவினர் ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் செய்தல் நன்று.

இரண்டாவது படியும் குளியலறையும். பழைய வீட்டு மாடிப்படி செங்குத்தானது, கைபிடி தாழ்ந்தது. முதியோர் உறங்கும் அறையும் மலசலகூடமும் கீழ்த்தளத்தில் ஒன்றையொன்று அடுத்து உள்ளனவா என்று கேட்டறிக. முற்றத்திற் கிணறோ தடாகமோ இருப்பின் அதற்கு மூடியோ வேலியோ உண்டா என்பதையும் கேட்க வேண்டும். தேங்கிய நீர் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பின் பிறப்பிடம் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது பருவம். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மாலை தோறும் இடியுடன் மழை பெய்தல் வழக்கம். முற்றமுள்ள வீட்டில் அறைக்கு அறை செல்லும் வழி நனையுமா என்று வினவுக. மார்கழி முதல் மாசி வரையான காலம் ஒப்பளவில் வறண்டது.

நான்காவது குசினி. முழு வீட்டை எடுப்பதன் பெரும்பயன் அதுவே. காலையில் இடியப்பம் அவித்து, கூடத்தில் ஒன்றாக அமர்ந்து உண்ணும் குடும்பம், உணவுச் செலவில் மிச்சம் பிடிப்பது மட்டுமன்று, பேசவும் கற்கிறது. சமையற்காரர் உண்டா, சைவ உணவுக்கு வேறு பாத்திரங்கள் கிடைக்குமா என்பன கேட்கத் தக்கவை.

ஐந்தாவது உடன்படிக்கை. ஒரு நாள் வாடகையைத் தனித்து நோக்கினால் முழு வீடு விலை மிக்கதாகத் தோன்றும். தங்குவோர் தொகையால் வகுத்துப் பார்த்தபின்னரே உண்மை தெரியும். மின்கட்டணம், பணியாளர் ஊதியம், வரி ஆகியன வாடகையில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுக. வீடு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிற் பதிவு பெற்றதா என்பதையும் உசாவுக. பதிவு பெற்ற வீடாயின், குறை நேர்ந்தால் முறையிட ஓரிடம் உண்டு.

இவையெல்லாம் வசதி பற்றியன. இவற்றினும் ஆழ்ந்தது ஒன்றுண்டு. 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு நகரத்தில் வாடகை கொடுத்துச் சில நாட்கள் தங்குதல் எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால் அவ்வுரிமையும் ஒரு காலத்தில் வழக்காடிக் காக்க வேண்டியதாயிற்று. இன்று பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதே ஒழுங்கைகளில் நடப்போர் இதனை அறிந்து நடத்தல் நன்று.

பழைய வீட்டைக் காப்பதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த காலிக் கோட்டையில் ஒல்லாந்தர் கால வீடுகள் பல திருத்தப்பெற்று விடுதிகளாயின. கட்டடங்கள் பிழைத்தன, ஆனால் விலையேற்றத்தால் வீட்டை விற்றுப் பழங்குடிகள் பலர் வெளியேறினர். சுவர் நின்று அயலார் மறைவராயின் அது பாதி வெற்றியே. கொட்டாஞ்சேனையிற் புதுக்கப்படும் வீடுகளுக்கும் இவ்வாறு நேராதிருத்தல் வேண்டும். ஆதலின் தங்க வருவோர் அயலிலுள்ள கடையில் அரிசி வாங்குவாராக. அவ்வொழுங்கையின் தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேலை கொடுக்கும் வீட்டையே தேர்வாராக. இரவில் இரைச்சல் தவிர்ப்பாராக.

வருவாய் இல்லாத பழைய வீடு, மனை விலை ஏறும் நகரத்தில் நெடுநாள் நில்லாது. இடித்தால் கோடி, வைத்திருந்தால் செலவு என்ற நிலையில் உரிமையாளரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிந்து, அதனால் கூரையைத் திருத்தப் பணமும் கிடைக்குமாயின், அது நிற்பதற்கு ஒரு காரணம் பிறக்கிறது. அக்காரணத்தைத் தருவோர், அங்கே சில நாட்கள் குடியிருக்கும் குடும்பத்தினரே.