நாட்பட்ட முதுகெலும்பு மூட்டழற்சியில் உள்ளுறுப்புப் பாதிப்புகள்

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது முதுகெலும்பின் மூட்டுகளையும் இடுப்பு மூட்டுகளையும் தாக்கும் நாட்பட்ட அழற்சி நோயாகும். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். ஓய்வில் கூடி, நடமாடினால் குறையும் முதுகுவலியும் காலை நேர இறுக்கமும் இதன் அடையாளங்கள். முற்றிய நிலையில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கில் கழிபோல் வளையாமல் போகும்.

கண் சிவந்து வலிப்பது இந்நோயாளரிடம் அடிக்கடி காணப்படுவதே. நோய் பல ஆண்டுகள் நீடித்தபின் வெகு சிலருக்கு நுரையீரல், இதயம், சிறுநீரகம், நரம்புகள் ஆகியவையும் பாதிக்கப்படுகின்றன. அரிது என்பதாலேயே இவை வேறு நோயாகக் கருதப்பட்டுவிடுகின்றன.

நுரையீரல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மேற்பகுதியில் தழும்பு போன்ற நார்த்திசு வளர்கிறது; சிலருக்குக் குழிகளும் உண்டாகும். எக்ஸ்ரே படத்தில் இது காசநோயைப் போலவே தெரியும். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இக்குழப்பம் எளிதில் நேரும். படத்தை மட்டும் நம்பாமல் சளியைச் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது. காசநோய் இல்லாதவருக்கு மாதக்கணக்கில் அதற்கான மருந்து கொடுப்பது வீண். மறுபுறம், உண்மையான காசநோயைத் தழும்பு என்று விட்டுவிடுவது அதைவிட ஆபத்து. மூட்டழற்சிக்குத் தரப்படும் டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், அவற்றைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்வது வழக்கம். குழிகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை குடியேறினால் இருமலில் இரத்தம் வரலாம்.

இதயத்தில், பெருந்தமனி தொடங்கும் இடம் அழற்சியால் தடித்து, அங்குள்ள வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசியும். இதயத் துடிப்புக்கான மின்னோட்டப் பாதை தடைப்பட்டால் பேஸ்மேக்கர் பொருத்த நேரிடும். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதை விலா மூட்டுகளின் இறுக்கம் என்று நோயாளி எண்ணிவிடுவதுண்டு. ஈசிஜி, எக்கோ சோதனைகள் உண்மையைக் காட்டிவிடும்.

அழற்சி அடங்காமல் நீடித்தால் அமிலாய்டு என்னும் புரதம் சிறுநீரகத்தில் படிந்து, சிறுநீரில் புரதம் வெளியேறும். வலி மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொள்வதாலும் சிறுநீரகம் கெடலாம். எனவே காரணத்தைப் பிரித்தறிய வேண்டும்.

மிக அரிதானது, தண்டுவடத்தின் கீழ்முனையில் குதிரைவால் போல் தொங்கும் நரம்புக் கற்றை பழுதடைவது. பிட்டமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போகும். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறையும். இது மெல்ல மெல்ல வருவதால், வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் கோளாறு என்றே தோன்றலாம். எம்ஆர்ஐ படத்தில் நரம்புகளைச் சூழ்ந்த உறை விரிந்திருப்பது தெரியும்.