கார் ஓடும் இடமா, உறங்கும் இடமா?

நார்வே நாடு மின்சாரக் காருக்கு மாறிய கதை

கரும்பு ஆலை முதலாளி ஒருவர், "எனக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைப் போன்ற வேடிக்கை ஒன்று ஐரோப்பாவின் வடகோடியில் நடந்திருக்கிறது. கடலுக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் விற்கும் நார்வே, தன் வீட்டு வாசலில் பெட்ரோல் கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது.

1969-ஆம் ஆண்டின் இறுதியில் வட கடலில் அந்த நாட்டுக்குப் பெரும் எண்ணெய் வளம் அகப்பட்டது. மீன் பிடித்தும் கப்பல் ஓட்டியும் பிழைத்த நாடு செல்வச் சீமையாயிற்று. அப்படிப்பட்ட நாட்டில் 2024-ஆம் ஆண்டு விற்பனையான புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள்! அதே ஆண்டு செப்டம்பரில் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது மின்சாரக் கார்கள் 7,54,303. பெட்ரோல் கார்கள் 7,53,905. முந்நூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில் பெட்ரோல் முதன்முறையாகப் பின்தங்கியது.

இதைக் கேட்டவுடன், "பணக்கார நாடு, நினைத்தது, முடித்தது" என்று தோன்றும். அதுதான் இல்லை. அந்த முடிவுக்குப் பின்னால் முப்பது ஆண்டுக் காலக் கஷ்ட நஷ்டங்கள் இருக்கின்றன. பனியோடு மல்லுக்கு நின்றார்கள். பிளக்கோடு போராடினார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு வாதாடவும் வேண்டியிருந்தது!

பாட்டுக்காரர்களின் பிடிவாதம்

1989-ஆம் ஆண்டு. 'ஆ-ஹா' என்ற புகழ் பெற்ற நார்வே இசைக் குழுவைச் சேர்ந்த மார்ட்டன் ஹார்க்கெட், மாக்னே ஃபுருஹோல்மன் ஆகிய இருவரும், சுற்றுச்சூழலுக்காகப் போராடும் ஃபிரெடரிக் ஹாகேயும் சேர்ந்து ஒரு விசித்திர வண்டியை நார்வேக்குக் கொண்டு வந்தார்கள். சின்னஞ்சிறு ஃபியட் பாண்டா கார் அது. பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு உள்ளே பேட்டரிகளை அடுக்கியிருந்தார்கள். அந்த வண்டியில் ஏறிச் சுங்கச் சாவடிகளைக் காசு கொடுக்காமல் கடந்தார்கள். "புகை விடாத வண்டிக்கு எதற்குச் சுங்கம்?" என்பது அவர்கள் வாதம்.

அதிகாரிகள் அபராதம் விதித்தார்கள். இவர்கள் கட்டவில்லை. வண்டியைப் பறிமுதல் செய்து ஏலம் போட்டார்கள். ஏலத்தில் எடுக்க வந்தவர்கள் யார் தெரியுமா? அதே ஆசாமிகள்தான்! வண்டியை மீட்டு மறுபடியும் சாவடிக்கு ஓட்டிப் போனார்கள்.

பிடிவாதம் வீண் போகவில்லை. 1990-இல் மின்சாரக் காருக்கு வாங்கும்போது கட்டும் வரி தள்ளுபடியாயிற்று. 1997-இல் சுங்கம் நீங்கியது. 1999-இல் நகராட்சி இடங்களில் இலவசமாக நிறுத்தலாம் என்றார்கள். 2001-இல் விற்பனை வரி போயிற்று. 2005-இல் பஸ்களுக்கென்று ஒதுக்கிய பாதையிலும் போகலாம் என்றார்கள். பெட்ரோல் காருக்கோ வரி கடுமையாக இருந்தது. ஆக, மின்சாரக் காரின் விலை பெட்ரோல் காரின் விலைக்கு ஏறக்குறைய இறங்கி வந்தது. விலை என்ற முதல் மதிலை அரசாங்கம் இடித்துக் கொடுத்துவிட்டது. அடுத்த மதில்தான் யாரும் எதிர்பாராதது.

தனி வீடும் மூன்றாவது மாடியும்

பெட்ரோல் காருக்குத் தீனி போடும் இடம் பங்க். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். மின்சாரக் காருக்குத் தீனி போடும் இடம், அது இரவில் உறங்கும் இடம். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்னை புரிந்த மாதிரி.

நார்வேயில் பெரும்பாலோர் தனி வீடுகளிலோ வரிசை வீடுகளிலோ வசிக்கிறார்கள். வாசலிலேயே வண்டி நிற்கும். மேலும், அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் பெரும்பாலும் மின்சாரம்தான். அதனால் வீட்டுக்கு வரும் ஒயர் சற்றுக் கனமாகவே இருக்கும். இரவு படுக்கப் போகும் முன் பிளக்கைச் செருகினால், காலையில் வண்டி தயார்.

ஆனாலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஆரம்ப காலத்தில் பலர் வீட்டுச் சுவரிலிருந்த சாதாரண பிளக்கிலேயே செருகினார்கள். மாவரைக்கும் யந்திரம் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடும். காரோ இரவு முழுவதும் இடைவிடாமல் மின்சாரத்தை இழுக்கும். பழைய பிளக்குகள் சூடேறிக் கருகின. கார் சார்ஜ் போடுவதற்கென்றே தனி ஒயர் இழுத்து, தனிப் பெட்டி பொருத்திக்கொள்ளுங்கள் என்று அரசாங்கப் பாதுகாப்பு இலாகா அறிவுரை சொல்ல வேண்டி வந்தது. நேரக் கணக்கும் இருக்கிறது. 60 யூனிட் பிடிக்கும் பேட்டரியைச் சாதாரண பிளக்கில் நிரப்ப ஒரு நாளைக்கு மேல் ஆகும். தனிப் பெட்டி என்றால் எட்டு, ஒன்பது மணி நேரம் போதும்.

தனி வீட்டுக்காரர் பாடு இப்படி. மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் என்ன செய்வார்? ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்க விடுவதா? தலைநகரான ஓஸ்லோவில் பெரும்பான்மை வீடுகள் அடுக்குமாடி வீடுகளே. அங்கே கார் நிற்கும் இடம் எல்லோருக்கும் பொது. மின்சார மீட்டரும் பொது. ஒருவர் சார்ஜ் பெட்டி கேட்டால் மற்றவர்கள், "உங்கள் காருக்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்றார்கள். நியாயமான கேள்விதான்!

அறுபது காரின் கணக்கு

இதைத் தீர்க்கச் சட்டமே வேண்டியிருந்தது. சொந்தமாக பிளாட் வாங்கியவர் சார்ஜ் பெட்டி வைக்க அனுமதி கேட்டால், தக்க காரணமின்றி நிர்வாகக் குழு மறுக்கக் கூடாது என்று 2018-இல் சட்டம் வந்தது. கூட்டுறவு முறையில் நடக்கும் குடியிருப்புகளுக்கும் 2021-இல் அதே உரிமை கிடைத்தது.

உரிமை கிடைத்தாலும் மின்சாரம் வேண்டுமே! அறுபது வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது கார்களும் மாலை ஆறு மணிக்கு வந்து, ஒவ்வொன்றும் 7 கிலோவாட் இழுத்தால் மொத்தம் 420 கிலோவாட். கட்டடத்தின் பியூஸ் போய்விடும். ஆனால் உண்மையில் அவ்வளவு தேவையா? ஒரு கார் ஒரு நாளில் 35 கிலோமீட்டர் ஓடினால், அதற்குச் சுமார் 7 யூனிட் போதும். அறுபது காருக்கும் 420 யூனிட். இரவு பத்து மணி நேரத்தில் பங்கிட்டால் 42 கிலோவாட். பத்தில் ஒரு பங்காகிவிட்டது!

இந்தப் பங்கீட்டைச் செய்வதற்கு யந்திரம் வந்திருக்கிறது. மாடியில் அடுப்பும் வெந்நீரும் ஓடும் நேரத்தில் கார்களுக்குக் குறைத்துக் கொடுக்கும். எல்லோரும் உறங்கிய பிறகு தாராளமாகக் கொடுக்கும். யார் எத்தனை யூனிட் எடுத்தார்கள் என்று கணக்கும் எழுதிவிடும். "உங்கள் காருக்கு நான் ஏன்?" என்ற சண்டை இதனால் ஓய்ந்தது. ஆளுக்கொரு பெட்டியைத் தனித்தனியே வாங்கி மாட்டிய கட்டடங்களோ, பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஏற்பாடாகச் செய்ய நேர்ந்தது. சேர்ந்து செய்ய வேண்டியதைத் தனித்தனியே செய்தால் இரட்டைச் செலவு!

பனியும் பேட்டரியும்

நார்வே என்றால் குளிர். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்பது உள்நாட்டுப் பகுதிகளில் அதிசயமல்ல. அந்தக் குளிரில் மனிதர் கை விறைப்பது போல பேட்டரியின் ரசாயனமும் மந்தப்பட்டுவிடும். அது மட்டுமா? பெட்ரோல் இஞ்சின் எரிபொருளில் பெரும் பகுதியை வீண் உஷ்ணமாகக் கக்குகிறது. அந்த வீணே குளிர்நாட்டில் வரமாகி, காருக்குள் கணகணப்பைத் தருகிறது. மின்சார மோட்டாரில் அவ்வளவு வீண் கிடையாது. ஆகவே கணகணப்புக்கும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும்.

2020-இல் நார்வே மோட்டார் சங்கம் இருபது மின்சாரக் கார்களைக் குளிர்காலச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. கம்பெனி சொன்ன தூரத்தைவிடச் சராசரியாக 18.5 சதவீதம் குறைந்தது. அதாவது, 400 கிலோமீட்டர் என்று விளம்பரம் சொன்னால் 326 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 'எவ்வளவு தூரம் போகுமோ என்ற பயம்' என்பதற்கு அந்த ஊர் மொழியில் ஒரு தனிச் சொல்லே உண்டாகிவிட்டது!

அனுபவசாலிகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். புறப்படுவதற்கு அரை மணிக்கு முன், பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிடுவது. வீட்டு மின்சாரம் செலவாகும், பேட்டரி மிச்சப்படும். ஆனால், இந்தத் தந்திரமும் வாசலில் பிளக் உள்ளவருக்குத்தான்!

ஈஸ்டர் விடுமுறையில் நீண்ட வரிசை

நார்வேக்காரர்களுக்கு மலையிலே ஒரு சிறு மரவீடு என்றால் உயிர். ஈஸ்டர் விடுமுறை வந்தால் பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். எல்லோரும் ஒரே நாளில், ஒரே சாலையில்! வழியிலுள்ள சார்ஜ் நிலையங்களில் வரிசை நீளும். பெட்ரோல் பங்க்கில் முன்னால் பத்துக் கார் நின்றால் கவலை இல்லை. இங்கே ஒவ்வொரு காருக்கும் அரை மணி என்றால் என்ன ஆகும்?

இதில் இன்னொரு சூட்சுமம். பேட்டரியில் முக்கால் பங்கு மடமடவென்று ஏறும். 80 சதவீதத்துக்கு மேல் நத்தை வேகம்தான். சினிமாக் கொட்டகையில் முதலில் வருபவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறார்கள் அல்லவா? கடைசியில் வருபவர் காலியிடத்தை இருட்டில் தேட வேண்டும். பேட்டரியிலும் அதே கதைதான். ஆகவே, முழுதும் நிரப்பாமல் 80-இல் கிளம்பிவிடுவதே தனக்கும் நல்லது, பின்னால் நிற்பவருக்கும் நல்லது.

பணம் கொடுப்பதிலும் தலைவலி. ஒவ்வொரு சார்ஜ் கம்பெனியும், "எங்கள் ஆப்பைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றது. கொட்டும் பனியில் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் சபித்தார்கள். கடைசியில், புதிதாக அமைக்கும் வேக சார்ஜ் நிலையங்களில் சாதாரண பாங்க் கார்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது.

சலுகைக்கு யார் விலை கொடுப்பது?

சலுகை என்பது வெயில் காலத்துத் தண்ணீர்ப் பந்தல் போன்றது. கூட்டம் பெருகினால் பானை காலியாகும். பஸ் பாதையில் மின்சாரக் கார்கள் குவிந்து, பஸ்களே தாமதமாயின. காரில்லாத ஏழை பஸ்ஸில் காத்திருக்க, புதுக் கார் வாங்கிய பணக்காரர் பஸ் பாதையில் முந்திப் போனார். இது தகுமா என்ற குரல் எழுந்தது. முதலில் தனி வீடும் வாசலும் உள்ளவர்களே மின்சாரக் காருக்கு மாறினார்கள்; சலுகையும் முதலில் அவர்களுக்கே போயிற்று.

படிப்படியாகச் சலுகைகள் சுருங்கின. 2019-இல் ஓஸ்லோ நகரச் சுங்கத்தில் மின்சாரக் காரும் குறைந்த விகிதத்தில் கட்டணம் கட்டத் தொடங்கியது. அப்போது அந்த நகரின் துணை மேயராக இருந்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழ்ப் பெண்ணான ஹம்சாயினி குணரத்தினம் என்பது நம்மவர்க்கு ஆர்வமூட்டும் செய்தி. 2023-இலிருந்து ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு விற்பனை வரியும் திரும்பி வந்தது.

பழுது பார்ப்பதில் லாபம் உண்டு. இஞ்சின் ஆயில் மாற்ற வேண்டாம்; புகைக் குழாய் ஓட்டையாவதில்லை. ஆனால் ஒரு புதுத் தொல்லை. மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் சும்மா கிடக்கிறது. பனிச்சாலையில் தூவும் உப்பு அதில் படிந்து துருப்பிடிக்கிறது. உழைக்காத பிரேக் அரசாங்கச் சோதனையில் தோற்றுவிடுகிறது!

கேட்க வேண்டிய முதல் கேள்வி

இவ்வளவையும் தாண்டித்தான் நார்வே மாறியது. இன்னும் முழுதாக மாறிவிடவில்லை. பெட்ரோலைப் பின்தள்ளிய அதே 2024 செப்டம்பரில் டீசல் கார்கள் கிட்டத்தட்ட பத்து லட்சம் ஓடிக்கொண்டிருந்தன. புதுக் கார் வாங்குபவர் ஒரே நாளில் மாறிவிடலாம். பழைய கார் தன் ஆயுள் முடிந்துதான் போகும். நார்வேக்கு இன்னொரு பாக்கியம்: அதன் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு மலையருவிகளிலிருந்து வருகிறது. நிலக்கரி எரிக்கும் நாடுகளுக்கு அது கிடையாது.

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதுதான். நார்வேக்காரரைக் கேட்டால், அதற்கு முன் வேறொரு கேள்வி இருக்கிறது என்பார்: "இரவில் வண்டி எங்கே நிற்கும்? அங்கே ஒயர் வருமா?" அதற்கு விடை உள்ளவருக்குப் பனியும் தூரமும் பழகிப் போகின்றன. விடை இல்லாதவருக்கு எத்தனை வரிச் சலுகை கொடுத்தும் பயனில்லை. அரசாங்கங்கள் சலுகைப் பணத்தில் ஒரு பங்கையாவது கடையிலிருந்து எடுத்து, அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் செலவிட்டால் மூன்றாவது மாடிக்காரரும் மாறுவார்.