ஷிண்ட்லரின் பேழை

நாவல் என்றால் கற்பனை. வரலாறு என்றால் நடந்தது. இப்படித்தான் நாம் பிரித்துப் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் 1982-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புக்கர் பரிசைப் பெற்ற நாவல் ஒன்றில் நடந்த நிகழ்ச்சிகளே நிறைந்திருந்தன. தாமஸ் கெனீலி எழுதிய 'ஷிண்ட்லரின் பேழை' என்பதே அந்நூல். புக்கர் பரிசை வென்ற முதல் ஆஸ்திரேலியர் இவரே.

கெனீலி 1935-இல் சிட்னியில் பிறந்தவர். குருமடத்தில் பயின்று, குருப்பட்டம் பெறுமுன் வெளியேறிப் பின்னர் எழுத்தாளரானார். 1980-இல் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் ஒரு தோற்பொருள் கடைக்குக் கைப்பெட்டி வாங்கச் சென்றார். கடைக்காரர் லியோபோல்ட் பெஃபர்பெர்க் ஒரு போலந்து யூதர். இரண்டாம் உலகப்போரில் தம் உயிரைக் காத்த ஆஸ்கர் ஷிண்ட்லரின் கதையைச் சொல்லி, தாம் சேர்த்து வைத்திருந்த ஆவணங்களையும் அவர் காட்டினார். அன்று விதைத்த விதையே இந்நூல்.

யார் இந்த ஷிண்ட்லர்? கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானியர். நாஜிக் கட்சி உறுப்பினர். போர்க்காலத்தில் பொருளீட்டக் கிராக்கோ நகருக்கு வந்து, எனாமல் பாத்திரத் தொழிற்சாலை நடத்தியவர். மதுவும் கேளிக்கையும் அவருக்குப் பிடித்தவை, இல்லறத்திலும் குறையுள்ளவர். ஆயினும் யூதர்கள் படும் கொடுமையைக் கண்டு மனம் மாறினார். ஈட்டிய செல்வத்தை அதிகாரிகளுக்கு இலஞ்சமாக இறைத்து, ஏறத்தாழ 1,200 பேரைக் காத்தார். 1945 ஜனவரியில், உறைபனியில் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைபட்டு வந்த யூதக் கைதிகளுக்கு அவர் மனைவி எமிலி பணிவிடை செய்து பலரைப் பிழைக்க வைத்தார்.

உயிர் தப்பியவர்களில் 50 பேரை ஏழு நாடுகளில் சந்தித்துக் கெனீலி இதை எழுதினார். நாவலின் நடையைக் கையாண்டாலும் கற்பனையைத் தவிர்க்க முயன்றதாக முன்னுரையில் கூறினார். அதுவே சர்ச்சைக்கு வித்தாயிற்று. "உண்மை வரலாற்றுக்கு நாவல் பரிசு எப்படித் தரலாம்?" என்று விமர்சகர் சிலர் கேட்டனர். எனினும் 1983-இல் அமெரிக்காவிலும் புனைகதைக்கான லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பரிசு இதற்கே கிடைத்தது. 1993-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இதைத் திரைப்படமாக்க, அதற்கு ஏழு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன.

விமர்சகரின் கேள்வியில் நியாயம் உண்டு. எது நடந்தது, எது புனைந்தது என்று அறிய வாசகருக்கு உரிமை இருக்கிறதன்றோ? ஆயினும் உண்மைக்குக் கட்டுப்பட்டதே இந்நூலின் பலம் என்று நாம் கருதுகிறோம். கற்பனையாக எழுதியிருந்தால், ஷிண்ட்லரைக் குறையே இல்லாத வீரராக ஆக்கிவிட ஆசை எழுந்திருக்கும். உண்மை அதற்கு இடம் தரவில்லை. அதே சமயம், வெறும் புள்ளிவிவரமாக எழுதியிருந்தால் 1,200 என்பது ஓர் எண்ணாகவே நின்றிருக்கும். அந்த எண்ணுக்கு முகங்களைத் தந்தது நாவலின் நடையே.

பேழை என்றதும் நோவாவின் நினைவு வருகிறது. நோவா நீதிமான், ஷிண்ட்லரோ குறைகள் மலிந்தவர். நல்லவராக ஆன பிறகு நன்மை செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. போருக்குப் பின் தொழிலில் நொடித்து, தம்மால் உயிர் பிழைத்தவர்களின் உதவியால் வாழ்ந்து, 1974-இல் மறைந்தார். எருசலேமில், சீயோன் மலையிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அங்கு வருவோர் யூதர் வழக்கப்படி அவர் கல்லறைமேல் சிறு கற்களை வைத்துச் செல்கின்றனர்.