கயேனில் பின்தங்கிய கடிகாரம்

பிரெஞ்சு அரசரின் விஞ்ஞானக் கழகம் பணித்தபடி, கிரகங்களையும் நட்சத்திரங்களையும் நோக்கிக் கணிப்பதற்காக 1672-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயேன் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்த ழான் ரிஷே, நட்சத்திரங்கள் உச்சி கடக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், தம் ஊசல் கடிகாரம் நாள்தோறும் ஏறக்குறைய இரண்டரை நிமிஷம் பின்தங்குவதைக் கண்டார். பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கும் அவ்வூரில், வினாடிக்கு ஒரு வீச்சு வீதம் ஆடும் ஊசல், பாரிஸில் ஆடுவதைக் காட்டிலும் ஒன்றேகால் ‘லீஞ்’, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, நீளம் குன்றியிருக்க வேண்டியதாயிற்று. அவரோ அவசரப்பட்டு முடிவு கட்டாமல், பத்து மாத காலம் வாரந்தோறும் அந்த அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்.

உஷ்ணத்தால் உலோகத் தண்டு நீண்டிருக்கலாம் என்ற சந்தேகம் இயல்பானதே. ஆனால் வெப்பம் உண்டாக்கும் நீட்சி இவ்வளவு வித்தியாசத்துக்குப் போதாது என்று நியூட்டன் தமது ‘பிரின்சிபியா’வில் கணக்கிட்டுக் காட்டினார். ஊசல் குண்டின் நிறையில் அணுவளவும் குறையவில்லை. குறைந்தது அதன் எடையே. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும், அச்சுழற்சியால் நடுவில் புடைத்து, பூமத்திய ரேகையில் வசிப்போரைத் தன் மையத்தினின்று துருவவாசிகளைவிடச் சுமார் 21 கிலோமீட்டர் அதிகம் விலக்கி வைத்திருப்பதாலும், அங்கே விழும் பொருளின் வேகவளர்ச்சி, வினாடிக்கு வினாடி, துருவத்தின் 9.83 மீட்டரிலிருந்து 9.78 மீட்டராகத் தாழ்கிறது. துருவத்தில் ஒரு கிலோ எனக் காட்டுமாறு திருத்தப்பட்ட சுருள்வில் தராசில் அதே பொன்னைப் பூமத்திய ரேகையில் தொங்கவிட்டால், முள் ஐந்து கிராம் குறைத்துக் காட்டும். இரட்டைத் தட்டுத் தராசிலோ, பொன்னின் எடை குறையும் அதே விகிதத்தில் படிக்கல்லின் எடையும் குறைந்துவிடுவதால், மாறுதலே தெரியாது.

இதனினும் ஆழமான வேறொரு வினா நியூட்டனை ஆட்கொண்டது. எடை என்பது பூமியின் இழுப்பு. நிறை என்பது அசையாப் பொருள் அசைக்கப்படுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. இவ்விரண்டும் எல்லாப் பொருள்களிலும் ஒரே விகிதத்தில் இருக்கவேண்டிய அவசியம் என்ன? பதினோரடி நூல்களில் ஒரே அளவான இரண்டு மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டு, ஒன்றில் மரத்தையும் மற்றொன்றில் அதற்குச் சம எடையாகப் பொன்னையும், பின்னர் முறையே வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, நீர், கோதுமை ஆகியவற்றையும் இட்டு, அவை நெடுநேரம் இணைபிரியாமல் ஒன்றாகவே ஊசலாடுவதை அவர் கவனித்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு பேதம் இருந்திருப்பினும் அகப்பட்டிருக்கும், அகப்படவில்லை. ஆப்பிள் விழுந்த கதையை அறிந்தவர் எத்தனையோ பேர். என் அபிப்பிராயத்தில், உப்பும் கோதுமையும் பொன்னோடு சமதையாய் ஆடிய இந்தச் சோதனையே குழந்தைகளுக்கு முதலில் சொல்லத் தக்கது.

பூமிக்கு மேலே 430 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் சுற்றிய ‘ஸ்கைலாப்’ நிலையத்தில், ஈர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இருந்தும், நிலையமும் அதிலிருந்தோரும் சேர்ந்தே ஓயாமல் வீழ்ந்துகொண்டிருந்தபடியால், எந்தத் தராசும் அங்கே பயன்படவில்லை. ஆகவே எடையை விடுத்து நிறையையே அளப்பதற்காக, 1973-இல் அங்கு சென்ற விண்வெளி வீரர்கள், வில்லினால் முன்னும் பின்னும் ஆடும் ஒரு நாற்காலியில் உடலை இறுகக் கட்டிக்கொண்டு அமர்ந்தார்கள். நிறை மிகுந்தவரை ஏந்திய நாற்காலி மெதுவாகவும், குறைந்தவரை ஏந்தியது விரைவாகவும் ஆடியமையால், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக் கொண்டே அவரவர் உடல் இளைத்ததா, தேறியதா என்பதை வைத்தியர்கள் கணித்தறிந்தார்கள்.