ஏசி புளோயர் 4-ல மட்டும் ஓடுதா? 8,500 ரூபாய் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



ஆடி கடைசி வெள்ளிக்கு அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கிட்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடுற இடம். ஆனா ஆடி மாசத்துல அங்க தண்ணியை விட ஜனம்தான் அதிகம். சாமி கும்பிட்டு, வெயில்ல நடந்து வந்து, கார்ல ஏறி ஏசியைப் போட்டா காத்தே வரல. நாபை 1-ல வெச்சேன், 2-ல வெச்சேன், 3-ல வெச்சேன். ஒண்ணும் இல்ல. 4-க்குத் திருப்பினதும் புயல் மாதிரி அடிச்சுது. சாத்தூர் வந்து நாலுவழிச் சாலையைப் பிடிச்சு வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்த இரைச்சல்தான். பெரியம்மா காதைப் பொத்திக்கிட்டே வந்தாங்க.

திங்கட்கிழமை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, "புளோயர் அசெம்பிளியே போச்சு சார். டேஷ்போர்டை இறக்கணும். எல்லாம் சேர்த்து 8,500 ஆகும்"னு சொன்னாங்க. மாசக் கடைசி. கை தானா கிரெடிட் கார்டுக்குப் போச்சு. ஏதோ ஒரு யோசனையில "நாளைக்கு விடுறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கடைசியில கெட்டுப் போயிருந்தது, உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு பார்ட். விலை 650 ரூபாய்.

கழட்டி மாட்டுறதை வீடியோவுல பாருங்க. அதுல நிதானமா சொல்ல முடியாத காரணத்தையும் கணக்கையும் இங்க எழுதுறேன்.

4-ல மட்டும் ஏன் ஓடுது?

புளோயர்னா டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன மோட்டார், அதோட ஒரு விசிறிச் சக்கரம். அவ்வளவுதான். ஏசிக்கும் ஹீட்டருக்கும் இதே புளோயர்தான் காத்து தள்ளும். விருதுநகர் மாவட்டத்துல ஹீட்டர் போடுறவங்க யாரு? அதனால நாம "ஏசி புளோயர்"னு சொல்றோம். குளிர் நாடுகள்ல இதையே "ஹீட்டர் புளோயர்"னு சொல்வாங்க. யூடியூப்ல தேடும்போது "ஹீட்டர் புளோயர் ரெசிஸ்டர்"னும் தேடிப் பாருங்க, நிறைய வீடியோ கிடைக்கும். ஆனா அமெரிக்க வீடியோக்கள்ல ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். அவங்க வலது பக்கம் காட்டுறது நம்ம கார்ல இடது பக்கம்.

சரி, வேகம் எப்படிக் குறையுது? மேனுவல் ஏசி இருக்கிற கார்ல, 1, 2, 3-ல வெச்சா கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியா மோட்டாருக்குப் போகும். ரெசிஸ்டர் கொஞ்சம் கரண்டைத் தடுக்கும், மோட்டார் மெதுவா சுத்தும். 4-ல வெச்சா ரெசிஸ்டர் நடுவுல இல்லாமலே பேட்டரி கரண்ட் நேரா மோட்டாருக்குப் போயிடும். ரெசிஸ்டர் எரிஞ்சு போனா 1, 2, 3 செத்துடும், 4 மட்டும் உயிரோட இருக்கும்.

இதுல இருந்தே ஒரு விஷயம் தெரியணும்: 4-ல நல்லா ஓடுதுன்னா மோட்டார் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிற மோட்டாருக்கு எதுக்கு 8,500?

அது ஏன் எரியுது?

ரெசிஸ்டர்ல செலவாகுற மின்சக்தி எல்லாம் சூடா மாறும். ஒரு உதாரணக் கணக்கு: 2 ஓம் ரெசிஸ்டர் வழியா 5 ஆம்பியர் போனா 50 வாட் சூடு. பழைய குண்டு பல்பு எரிஞ்ச மாதிரி. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ரெசிஸ்டரைப் புளோயர் காத்து போற பாதையிலேயே வெச்சிருக்காங்க.

காத்து குறைஞ்சா சூடு ஏறும். ஒரு அளவைத் தாண்டினா, அதுக்குள்ள இருக்கிற வெப்ப ஃபியூஸ் அறுந்து 1, 2, 3-ஐ நிறுத்திடும். காத்து ஏன் குறையும்? கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கும். நம்ம பக்கம் கரிசல் மண், வெயில் காலத்துல பொடி மாதிரி பறக்கும். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின காரோட ஃபில்டரை வெளிய எடுத்தா, அது ஃபில்டர் மாதிரியே இல்ல, வறட்டி மாதிரி இருந்துச்சு. முன்னாடி வெச்சிருந்தவர் மாத்தவே இல்ல. சரி, நானும்தான் ரெண்டு வருஷமாப் பார்க்கல.

இன்னொரு காரணம், மோட்டார் வயசாகி இறுக்கமா சுத்துறது. அப்போ அது அதிக கரண்ட் இழுக்கும், ரெசிஸ்டர் அதிகம் சூடாகும். அதனால ரெசிஸ்டரை மட்டும் மாத்திட்டு விட்டா, சில மாசத்துல புதுசும் எரியலாம். ஒரே செலவை ரெண்டு தடவை செய்யக் கூடாதுன்னா, எரிஞ்ச பார்ட்டோட சேர்த்து எரிஞ்ச காரணத்தையும் மாத்தணும்.

முதல்ல இதைச் சோதிங்க, காசு செலவே இல்ல

- 1, 2, 3 இல்ல, 4 மட்டும் ஓடுது: பெரும்பாலும் ரெசிஸ்டர்.
- நடுவுல ஒரே ஒரு வேகம் மட்டும் இல்ல: ரெசிஸ்டர்ல ஒரு சுருள் அறுந்திருக்கலாம், இல்ல சுவிட்ச் கோளாறு.
- எதுலயுமே ஓடல: ஃபியூஸ், ரிலே, மோட்டார், வயரிங், இதுல ஏதோ ஒண்ணு. முதல்ல ஃபியூஸைப் பாருங்க.
- காத்து நல்லா வருது, குளிர்ச்சி இல்ல: இது புளோயர் பிரச்சினையே இல்ல. கேஸ், கம்ப்ரஸர் பக்கம் பார்க்கணும்.
- ஓடும்போது கீச்சுனு சத்தம்: மோட்டார் பேரிங், இல்ல உள்ள சருகு சிக்கியிருக்கும்.
- ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் கார்: பெரும்பாலும் ரெசிஸ்டருக்குப் பதிலா எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். விலையும் வேற, அறிகுறியும் வேற.

நீங்களே மாத்தறது எப்படி?

முதல்ல ஒண்ணு. கார் வாரண்டில இருந்தா, இல்ல எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தா, ஸ்குரூ டிரைவரைத் தொடாதீங்க. நேரா சர்வீஸ் சென்டர். வாரண்டி இல்லாதவங்க மட்டும் மேல படிங்க.

1. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்க. பல கார்ல 10 நம்பர் ஸ்பேனர் போதும். சில நிமிஷம் காத்திருங்க. நாம கை வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல பயணி ஏர்பேக் இருக்கும். மஞ்சள் நிற வயர், மஞ்சள் கனெக்டர் எதையும் தொடவே கூடாது.

2. கிளவ் பாக்ஸைக் கழட்டுங்க. நிறைய கார்ல ரெண்டு பக்கத்தையும் உள்பக்கமா அமுக்கினா இறங்கிடும். சிலதுல ஸ்குரூ இருக்கும். டேஷ்போர்டை இறக்க வேண்டிய வேலை பல சின்ன கார்கள்ல இல்லவே இல்ல. எல்லா மாடலும் ஒண்ணு இல்ல, அதனால உங்க மாடல் பேரைப் போட்டு ஒரு வீடியோ பார்த்துட்டு ஆரம்பிங்க.

3. உருண்டையா புளோயர் மோட்டார் தெரியும். அது பக்கத்துல, காத்துக் குழாய்ல ரெண்டு ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கிற சின்ன பார்ட்தான் ரெசிஸ்டர். கனெக்டரோட லாக்கை அமுக்கி இழுங்க. வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க.

4. கனெக்டரை நல்லாப் பாருங்க. பிளாஸ்டிக் உருகியிருந்தா, கருகியிருந்தா அங்கேயே நிறுத்திடுங்க. அதுக்குப் புது கனெக்டர் போடணும், அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

5. மல்டிமீட்டர் இருந்தா ரெசிஸ்டரோட பின்களுக்கு நடுவுல கன்டின்யூட்டி பாருங்க. வெப்ப ஃபியூஸ் அறுந்திருந்தா மீட்டர் ஒண்ணும் காட்டாது.

6. பழைய பார்ட்டைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க. பார்ட் நம்பர், மாடல், வருஷம் மூணும் பொருந்தணும். கனெக்டர் மாட்டுதுங்கிறதுக்காக வேற மாடலோடதை வாங்காதீங்க.

7. மாட்டுறதுக்கு முன்னாடி, விசிறிச் சக்கரத்தை விரலால சுத்திப் பாருங்க. லேசா சுத்தணும். சருகு, பேப்பர், எலி கொண்டுவந்து வெச்ச பஞ்சு எது இருந்தாலும் எடுத்துடுங்க. கேபின் ஃபில்டரும் பெரும்பாலும் இங்கதான் இருக்கும். கையோட மாத்திடுங்க.

8. ரெசிஸ்டரை அதோட இடத்துல ஸ்குரூ போட்டு மாட்டின பிறகுதான் பேட்டரியைச் சேர்த்து நாலு வேகத்தையும் சோதிக்கணும். கையில வெச்சுக்கிட்டே ஓட்டிப் பார்த்தா, காத்து படாம சூடேறி விரலையும் சுடும், புது பார்ட்டையும் எரிக்கும். எல்லாம் சரின்னா கிளவ் பாக்ஸை மூடுங்க.

எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாதது

அறுந்த வெப்ப ஃபியூஸை வயர் வெச்சு ஒட்டாதீங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுதேன்னு பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடாதீங்க. கருகின வாடை வந்தா "4-ல ஓடுதே"ன்னு ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க, புளோயரை அணைச்சுடுங்க. சிவகாசிப் பக்கத்துக்காரங்களுக்கு ஒரு பொறி என்ன செய்யும்னு நான் சொல்லணுமா? தீபாவளிக்குப் பட்டாசு வாங்கி டிக்கி நிறைய அடுக்கிட்டு, டேஷ்போர்டுக்குள்ள உருகின கனெக்டரோட ஒரு குடும்பம் ஊர் திரும்பறதை நினைச்சுப் பாருங்க. 650 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம்

எனக்கு ஆன செலவு: ரெசிஸ்டர் 650, ஃபில்டர் 350, மல்டிமீட்டர் 400. மொத்தம் 1,400. உங்க ஊர்ல, உங்க மாடலுக்கு விலை மாறும்.

என் நேரத்துக்கும் விலை போடணும் இல்லையா? மாசம் 35,000 சம்பளம், 26 நாள், தினம் 8 மணி நேரம்னு வெச்சா, ஒரு மணி நேரத்துக்கு சுமார் 168 ரூபாய். ரெண்டு மணி நேரம் ஆச்சு, 336. ஆக 1,736.

இதே வேலையை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட "ரெசிஸ்டர் போயிருக்கு, இந்தாங்க பார்ட், மாட்டிக் கொடுங்க"ன்னு சொல்லியிருந்தா? பார்ட்டும் ஃபில்டரும் 1,000, கூலி 500 கேட்டாலும் 1,500-தான். நான் கையை அழுக்காக்கினதை விடக் குறைவு!

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. 8,500-க்கும் 1,500-க்கும் நடுவுல இருக்கிற 7,000 ரூபாய், ஸ்குரூவை நானே கழட்டினதால மிச்சமாகல. எது கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சதால மிச்சமாச்சு. நீங்களே மாத்தணும்னு கட்டாயம் இல்ல. நீங்களே கண்டுபிடிக்கணும். நாபை நாலு தடவை திருப்பிப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம்.

அன்னைக்குக் கார்டைத் தேய்ச்சிருந்தா இன்னொரு செலவும் இருந்திருக்கும். 8,500-ஐ முழுசா கட்டாம தள்ளிப்போட்டு, வட்டி மாசம் 3.5 சதவீதம்னு வெச்சுக்கிட்டா, ஒரு மாசத்துக்கே சுமார் 300 ரூபாய். அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 350. ரெண்டே மாச வட்டியில ஒரு ரெசிஸ்டர் வாங்கிடலாம்!

ஒர்க்‌ஷாப்புலயே விட்டாலும் இதைக் கேளுங்க

- பார்ட் விலையும் கூலியும் தனித்தனியா எழுதின எஸ்டிமேட் கேளுங்க.
- "ரெசிஸ்டரைச் சோதிச்சீங்களா?" இந்த ஒரு கேள்வி போதும். உங்களுக்கு விஷயம் தெரியும்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும்.
- பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்க.
- பேக்கட் மேல இருக்கிற எம்ஆர்பி எல்லா வரியும் சேர்த்த விலை. அதுக்கு மேல ஜிஎஸ்டி போடக் கூடாது. 650-க்கு மேல 18 சதவீதம்னா 117 ரூபாய் சும்மா போகும். கூலிக்கு ஜிஎஸ்டி போடுறது வேற விஷயம், அது சரிதான்.
- இன்சூரன்ஸ் இதுக்கு உதவாது. சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் எலக்ட்ரிக்கல் பழுதும் சேராது.

கடைசியா ஒண்ணு. இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ் மூணையும் பட்ஜெட்ல எழுதுறோம், ரிப்பேரை எழுதுறதே இல்ல. கார் வெச்சிருந்தா ரிப்பேர் கண்டிப்பா வரும், தேதிதான் தெரியாது. சம்பளம் வந்த அன்னைக்கே 1,000 ரூபாய் தனியா ஒரு ஆர்டியில போடுங்க. வருஷத்துக்கு 12,000 சேரும். அது கையில இருந்தா, எஸ்டிமேட் கேட்டவுடனே பதறாம "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்ற தைரியம் வரும்.

இந்தத் தடவை பெரியம்மாவை மறுபடியும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். நாப் 2-ல இருந்துச்சு. சாத்தூர் வர்றதுக்குள்ள தூங்கிட்டாங்க.

உங்க கார்ல இதே மாதிரி "பெரிய வேலை"ன்னு சொல்லி, கடைசியில சின்ன பார்ட்டா முடிஞ்ச கதை இருந்தா கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!